கரையேறும் உரிமை

மாங்காட்டிலிருந்து குன்றத்தூர் போகிற பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சிக்கராயபுரம் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். டீக்கடை, சிமெண்ட் கல் அறுக்கும் இடம், மனை விற்பனைப் பலகை என்று சாலையோரம் வழக்கமான புறநகர். அந்த வரிசைக்குப் பின்னால் நிலம் சட்டென்று அறுந்து கீழே இறங்குவதும், செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சையும் நீலமுமாக ஆழமான நீர் நிற்பதும் சாலையிலிருந்து தெரியாது. எப்போதோ கைவிடப்பட்ட கல்குவாரிகள் அவை. இருபதுக்கும் மேற்பட்ட குழிகள். குத்தகை எல்லை என்று வெட்டாமல் விட்ட பாறை வரப்புகள், லாரி இறங்கி ஏறப் போட்ட சரிவுகள், வேட்டுக்கு மசியாத முட்டுகள் எல்லாம் நீருக்கு மேலே அங்கங்கே தலைநீட்டி நிற்கின்றன. நல்ல மழை பெய்த கார்த்திகையில் நீர்மட்டம் ஏறித் தாழ்ந்த வரப்புகள் முழுகும்போது, எஞ்சி நிற்பவை தீவுகளாகிவிடுகின்றன. ஒன்றில் இரண்டு மூன்று பனங்கன்றுகள் முளைத்திருக்கின்றன. இன்னொன்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்கின்றன.

சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது என்று சொன்னால் தோழிகள் நம்புவதில்லை. நான் மாங்காட்டில் குடியிருக்கிறேன். எனக்கு அது நடந்து போகும் தூரம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் வருவார்கள். மாங்காடு, பூந்தமல்லி, போரூர், ஐயப்பன்தாங்கல் என்று எல்லாப் பக்கமிருந்தும், ஒரு வண்டிக்கு மூன்று பேராக. உடுப்பைக் கழற்றிப் பாறையில் வைத்து, அதன்மேல் செல்போனை வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டு நிற்பார்கள். முதலில் யார் குதிப்பது என்று ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். நீச்சல் தெரிந்தவன் குதித்துவிடுவான். தெரியாதவன் பாறை விளிம்பைப் பிடித்தபடி இறங்கி இடுப்பளவு நீரில் நிற்பான். அங்கேதான் ஆபத்து. ஏரியின் உள்வாய் சரிந்து சரிந்து ஆழமாகும். போகப்போகக் கால் எச்சரிக்கும். குவாரிக்கு அந்தச் சரிவு கிடையாது. ஓர் அடியில் பாறை இருக்கும், அடுத்த அடியில் ஒன்றுமே இருக்காது. மேல்நீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும். ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே போனால் குளிர் பிடித்துக்கொள்ளும், மூச்சு தடுமாறும். ஏறிவரப் பிடிமானம் இல்லாத பாசிபிடித்த சுவர். இந்தக் குழிகளில் உயிர்கள் போயிருக்கின்றன. மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி வரும்.

நான் எழுத நினைப்பது அந்தப் பையன்களைப் பற்றி. அவர்கள் அங்கே போக ஆசைப்படுவது சரி என்று நினைக்கிறேன். நீர் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிற உடம்பு நல்ல உடம்பு. அவர்கள் அங்கே சாவது அவர்கள் குற்றம் ஆகாது, ஊரின் குற்றம்.

இந்தப் பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் என்று இந்தப் பக்கத்துக் குன்றுகளில் இருப்பது, உடைத்த முகத்தில் எண்ணெய்ப் பசையோடு மினுங்கும் கருஞ்சாம்பல் நிறக் கல். புவியியலில் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை அமைத்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் பெயரையே பாறைக்கு இட்டார். உலகத்தில் எங்கே இந்தக் கல் கிடைத்தாலும் இன்று அதே பெயர்தான். ஸ்வீடனின் மேற்குக் கடற்கரையில் வார்பெரி என்ற ஊரிலும் இந்தப் பாறை உண்டு. அங்கும் வெட்டி எடுக்கிறார்கள். பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. 1863 மே 30ஆம் நாள், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் அங்கே தோண்டிய சரளைக் குழி ஒன்றில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அந்தக் குழியில் தொடங்கியது. வெட்டிப் போட்ட பள்ளத்தை எட்டிப் பார்க்க நின்ற ஒரு மனிதரால், இந்த மண்ணில் மனிதர் வாழ்ந்த காலக் கணக்கே மாறிப்போனது.

நகரத்துக்கும் சிக்கராயபுரத்துக் குழிகள் தேவைப்பட்ட காலம் உண்டு. 2016இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 கோடையில் ஏரிகள் வறண்டபோது, குடிநீர் வாரியம் சிக்கராயபுரத்துக் குவாரிகளிலிருந்து நீரை இறைத்துச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சென்னைக்குக் கொடுத்தது. 2019இலும் அப்படித்தான். ஊர் சாவுக்குழி என்று சொல்லிக்கொண்டிருந்த நீரை இலட்சக்கணக்கானவர்கள் குடித்தார்கள். அதற்குப் பிறகாவது அந்தக் கரைக்கு ஒரு பாதை, ஒரு படித்துறை, இறங்கக்கூடிய ஒரு சரிவு அமையும் என்று எதிர்பார்த்தேன். எச்சரிக்கைப் பலகைதான் வந்தது.

வேறு நாடுகளில் கரையை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தேடி, ஸ்வீடனைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்கு அந்தப் பலகைதான் காரணம். அங்கே வேனர்ன் என்று ஓர் ஏரி. பரப்பு சுமார் 5,650 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியைப் போலப் பதின்மூன்று மடங்கு. அதற்குள் சிறிதும் பெரிதுமாக 22,000 தீவுகளும் திட்டுகளும். ஏரியின் நடுவே கிடக்கும் ஒரு தீவுக்கூட்டத்தை 1991இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் யாரும் இல்லை, படகில் போய் இறங்குகிறார்கள். பனியுகத்தில் மேலே கிடந்த பனிப்பாளத்தின் பாரம் நீங்கியதால் ஸ்காண்டிநேவிய நிலம் இன்றும் மெல்ல எழுந்துகொண்டிருக்கிறது. பாத்னிய வளைகுடாவின் வடபகுதியில் ஆண்டுக்கு 8, 9 மில்லிமீட்டர். ஒரு மனித ஆயுளுக்குள் புதுப் பாறை ஒன்று நீருக்கு மேலே வந்துவிடுகிறது. நமக்குச் சிக்கராயபுரத்தில் வேட்டும் கடப்பாரையும் செய்ததை அங்கே பத்தாயிரம் ஆண்டுகள் செய்திருக்கின்றன.

ஆனால் என்னை நிறுத்தியது அந்த அழகு இல்லை, அங்கே கரையைப் பற்றி இருக்கும் சட்டம். யாருடைய காடாக இருந்தாலும் எவரும் நடக்கலாம். ஏரியில் நீந்தலாம், படகு விடலாம், ஓர் இரவு கூடாரம் அடிக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம். வீட்டு முற்றத்துக்குள் நுழையக்கூடாது, பயிரை மிதிக்கக்கூடாது, எதையும் பாழாக்கக்கூடாது. நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்த இந்த உரிமையை ஸ்வீடன் 1994இல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. நார்வே 1957இலேயே தனிச் சட்டம் போட்டிருந்தது. இதைவிட முக்கியம் கரைப் பாதுகாப்பு. 1975 முதல் ஸ்வீடன் முழுவதும், கடலோ ஏரியோ ஆறோ, நீர்விளிம்பிலிருந்து நிலத்துப் பக்கம் 100 மீட்டர், நீர்ப் பக்கம் 100 மீட்டருக்குள் பொதுவாகப் புதிதாக எதுவும் கட்ட முடியாது. அண்மையில் சின்னஞ்சிறு நீர்நிலைகளுக்குத் தளர்வுகள் வந்திருந்தாலும் அடிப்படை அப்படியே இருக்கிறது. கரை எல்லாருக்கும் உரியது. பறவைகளுக்காக ஒரு விதிவிலக்கு உண்டு. ஆலாக்களும் கடற்காக்கைகளும் முட்டையிடும் மாதங்களில் அவற்றின் திட்டுகளுக்கு அருகே படகை விடமாட்டார்கள்.

உரிமையோடு இன்னொன்றும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் பிள்ளை 200 மீட்டர் நீந்த வேண்டும், அதில் 50 மீட்டர் மல்லாந்து. கணக்கும் மொழியும் போல இதுவும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பொதுக் குளியல் கரைகளில் ஒரு கம்பத்தில் மிதவை வளையமும் கயிறும் தொங்கும்.

குளிர்நாட்டுக்காரர்களுக்கு ஆண்டில் மூன்று மாதம்தான் நீரில் இறங்க முடியும். நமக்கு ஆண்டு முழுக்க முடியும். நீரோடு நமக்கு இருந்த பழக்கமும் மிகப் பழையது. பிறகு ஏன் நம் பையன்கள் இடுப்பளவு நீரில் பயந்து நிற்கிறார்கள்?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது. நிலத்தின் சரிவைப் படித்தவர்கள் வெட்டிய சங்கிலி அது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த கல்வெட்டுகளில் குடவோலை எடுத்து ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. பள்ளிப் புத்தகங்களில் அதைத் தேர்தல் வரலாறாகவே படிக்கிறோம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஊர் ஆள் நியமித்தது என்ற பாதியை விட்டுவிடுகிறோம். பிற்காலத்தில் அது குடிமராமத்து ஆனது. நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது என்பது அவர் கையில். கோடையில் வண்டல் அள்ளி வயலுக்குப் போட்டார்கள். மீன்பாசி ஏலம் போனது. உள்வாயில் மாடு மேய்ந்தது. பெண்கள் கரையில் புல் அறுத்தார்கள், விறகு பொறுக்கினார்கள். யாரும் ஏரிக்குச் சுற்றுலா போனதில்லை. வேலைக்காகப் போனார்கள், போய்வந்ததில் ஏரி அவர்கள் உடம்பில் ஏறியது.

வேடந்தாங்கலை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும். ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் கூடுகட்டுகின்றன. ஒவ்வொரு மரமும் நீருக்கு நடுவே ஒரு தீவு. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊரார் அறிந்திருந்தார்கள். வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரர்களைத் தடுக்க, 1798இல் கலெக்டரிடமிருந்து எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தார்கள். பறவைத் திட்டுக்குப் படகு விடக்கூடாது என்று ஸ்வீடன் இன்று சொல்லும் விதியைப் போன்ற ஒன்றை, மதுராந்தகம் பக்கத்து விவசாயிகள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தாங்களாக எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பழைய ஊரை அப்படியே மெச்சிக்கொண்டிருக்க என்னால் முடியாது. கரை எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. வண்டல் அள்ளவும் கரையை அடைக்கவும் சேரியிலிருந்து ஆள் வேண்டியிருந்தது. அதே ஆள் குடிக்கிற குளத்தில் கைவைக்கக் கூடாது. மகாடில் 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகியது உலகம் அறிந்த வரலாறு. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1924இல், நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் நிறைவேற வைத்தார். அரசாணையும் வந்தது. ஸ்காண்டிநேவியர் தங்கள் நடக்கும் உரிமையைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றும் முன்பே, நம் மண்ணில் ஒருவர் நடப்பதற்கும் நீரைத் தொடுவதற்குமான உரிமையைச் சட்டமன்றத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார். அவர்களுக்கு அது காட்டுப் பழம் பறிக்கும் சந்தோஷம். இங்கே அது மானம். ஏரிக்கரையில் நடப்பது பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு இரட்டைமலை சீனிவாசன் நினைவுக்கு வருகிறார்.

செம்பரம்பாக்கம் ஏரி மாங்காட்டுக்குத் தென்மேற்கே விரிகிறது. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இதன் உபரிநீர் அடையாற்றுக்குப் போகிறது. 5 கண் மதகு, 19 கண் மதகு என்று இரண்டு பெயர்கள் மழைக்காலத்தில் தொலைக்காட்சியில் ஓயாமல் ஒலிக்கும். 2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவு நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட நீர் அடையாற்றின் இரு கரைகளிலும் என்ன செய்தது என்பதைச் சென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரவுக்குப் பிறகு செம்பரம்பாக்கம் என்ற பெயரைக் கேட்டாலே மக்கள் பயப்படுகிறார்கள். ஏரியை நேரில் பார்த்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு.

தை, மாசிக் காலைகளில் அந்தப் பக்கம் போவேன். நீர் நிறைந்திருக்கும்போது உள்வாயில் கருவேல மரங்கள் கழுத்தளவு முழுகி நிற்கும். நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும். கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு போகும். ஒருநாள் விராலடிப்பான் ஒன்றைப் பக்கத்தில் பார்த்தேன். தலைக்கு மேலே ஓரிடத்தில் நின்று சிறகடித்தது, கால்களை முன்னால் நீட்டியபடி விழுந்தது, முழுசாக நீருக்குள் போய்விட்டது. எழும்பியபோது மீனின் தலை முன்னால், வால் பின்னால். காற்று தடுக்காதபடி பறந்துகொண்டே காலால் திருப்பிப் பிடித்திருந்தது. உதறிய நீர் வெயிலில் தூளாய்ச் சிதறியது. இதே இனம் ஸ்வீடனின் ஏரிக்கரை மரங்களில் கூடுகட்டுகிறது. அந்த ஊர்ப் பறவைகள் குளிருக்கு ஆப்பிரிக்கா போகின்றன. நம் ஏரிக்கு வருபவை வட ஆசியப் பறவைகள்.

கரையில் மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் சுற்றிக் கட்டிய மிதவையில் உட்கார்ந்து வலை விடுகிறவர். அன்று வலையில் ஜிலேபிக் கெண்டைதான் நிறைய. ஒவ்வொன்றாக விடுவித்துக் கூடையில் போட்டபடியே பேசினார்.

"தண்ணி எறங்க எறங்க திட்டு ஒண்ணொண்ணா வெளிய வரும்மா. சித்திர, வைகாசில வந்து பாரு, அதோ அந்தக் கொக்கு நிக்குது பாரு, அதுவரிக்கும் மாடு மேயும்."

"அங்கல்லாம் நடந்து போயிருக்கீங்களாண்ணா?"

"நடக்கறதா? எங்கப்பா அங்க வெள்ளரி போட்டுனு இருந்தாரு. எங்க சேறு, எங்க கல்லு, எங்க பள்ளம், எல்லாம் காலுக்குத் தெரியும். என் புள்ளைக்குத் தெரியாது. அவன் கம்பெனி பஸ்ல ஒரகடம் போறான்."

மகன் கம்பெனிக்குப் போவதில் அவருக்கு வருத்தமில்லை, நிம்மதிதான். எனக்கும் அதில் வருத்தமில்லை. ஆனால் அப்பாவின் காலுக்குத் தெரிந்தது மகனின் காலுக்கு வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிக்கராயபுரத்துக்கு வருகிற பையன்கள் இப்படிப்பட்ட மகன்கள்தான். ஏரிக்காரர்களின் பேரப்பிள்ளைகள். நீர் மேல் ஆசை அவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நீரைப் பற்றிய அறிவு வழியில் நின்றுவிட்டது.

ஸ்வீடனிலும் நார்வேயிலும் இதே முறிவு வந்தது. கிராமத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகளுக்குக் காடும் நீரும் அந்நியமாயின. அவர்கள் அதைக் கவனித்தார்கள். நார்வேயில் 1868இலேயே மலைநடைச் சங்கம் தொடங்கிப் பாதைக்கு அடையாளமிட்டார்கள், தங்கக் குடில் கட்டினார்கள். ஸ்வீடனில் 1938இல் தொழிலாளருக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பு சட்டமானது. அந்த விடுப்பில் கரைக்குப் போனவர்களுக்கு இடம் வேண்டும் என்ற கவலையிலிருந்துதான் கரைப் பாதுகாப்புச் சட்டமே பிறந்தது. வேலை கொடுத்துவந்த அறிவு நின்றபோது பள்ளிக்கூடமும் சங்கமும் சட்டமும் அந்த இடத்துக்கு வந்தன. நம்மிடம் வேலை நின்றது, அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. வேலி வந்தது.

வேலியைப் பற்றி நியாயமாகவே பேச வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் 2011 டிசம்பர் 25ஆம் நாள் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் உறவினர்கள். அப்படியொன்று நடந்த பிறகு தடை போடும் அதிகாரியின் மனம் எனக்குப் புரிகிறது. ஒரு சாவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். பத்தாயிரம் பேர் நீரை அறியாமல் வளர்ந்ததற்கு யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் தடையால் சாவு நிற்கவில்லை. தடை செய்த நீருக்குத் திருட்டுத்தனமாகப் போகிறவனிடம் கயிறு இருக்காது, பெரியவர் துணை இருக்காது, வீட்டில் சொல்லியிருக்கவும் மாட்டான்.

இப்போது வேறொரு முறை பரவுகிறது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியை 2019இல் பசுமைப் பூங்காவாக்கினார்கள். சுற்றி நடைபாதை, படகு, விளக்கு. பல ஊர்களில் ஏரியைத் தூர்வாரும்போது நடுவில் மண்திட்டு எழுப்பி மரம் நடுகிறார்கள். பறவை வந்து தங்குகிறது. கழிவுநீர் நின்ற இடத்தில் காலையில் முதியவர்கள் நடப்பதைப் பார்க்க மகிழ்ச்சிதான். பருத்திப்பட்டு செய்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் மனக்குறை இது: நடைபாதையிலிருந்து நீரைத் தொட முடியாது. கம்பிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ஏரி. நுழைவுச்சீட்டும் மூடும் நேரமும் வந்துவிட்டால், புல் அறுக்க வந்த அம்மாவும் மாடு மேய்த்தவரும் வெளியே நிற்கிறார்கள். கரை அழகாகி, கரைக்குச் சொந்தமானவர்கள் குறைந்துபோகிறார்கள். ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007இல் சட்டம் வந்தது. இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர்தான், உரிமையாளர் அல்லர் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் சொன்னது. இரண்டும் வேண்டியவை. ஏரிக்கரையில் எவரும் நடக்கலாம், படித்துறையில் எவரும் இறங்கலாம் என்று நேராகச் சொல்லும் ஒரு வரி இன்னும் எழுதப்பட வேண்டும். 1924இன் தீர்மானம் அதற்கு முன்னோடி.

நீச்சலைப் பற்றி எனக்குத் தனியே ஒரு வேகம் உண்டு. தாத்தா என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று பாட்டி மேலே நின்று கத்தினாள். "மூழ்கும்போது தண்ணி ஆம்பள பொம்பள பாக்காது," என்றார் தாத்தா. அந்தக் கிணறு தூர்ந்து அதன்மேல் வீடு எழும்பிவிட்டது. இன்று மாங்காட்டில் ஒரு பெண்குழந்தை நீந்தக் கற்க வேண்டுமானால் கட்டணம் வாங்கும் குளத்துக்குப் போக வேண்டும், அதற்கென்று உடை வாங்க வேண்டும், கூட்டிப்போக ஆள் வேண்டும். ஆகவே கற்பதில்லை. 2021இல் நகராட்சியானது மாங்காடு. அதே ஆண்டு நவம்பரில் தெருக்களில் வெள்ளம் நின்றது. பெருமழை வந்தால் வீட்டுக்குள் நீர் வருகிற ஊரில், பலர் மிதக்கத் தெரியாமல் இருக்கிறோம். நீச்சலை விளையாட்டு என்ற தலைப்பிலிருந்து எடுத்து, எழுத்தறிவோடு சேர்த்து வைக்க வேண்டிய ஊர் இது.

சிக்கராயபுரத்துக் குழிகள் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை. ஆழமானவற்றுக்குச் சுவர் வேண்டும், அதை நல்ல சுவராகவே கட்ட வேண்டும். லாரிச் சரிவு இன்னும் இருக்கும் ஒரே ஒரு குழியைத் தேர்ந்தெடுத்து, சரிவைச் சீராக்கி, மார்பளவு ஆழத்தில் மிதவைக் கயிறு கட்டி, மாலையில் இரண்டு மணி நேரம் நீச்சல் தெரிந்த ஆளை உட்கார வைத்தால் போதும். அந்த ஆள் ஏரியில் வலை விடும் குடும்பத்திலிருந்தே வரட்டும். மீதிப் பாறைகள் நீர்க்காகங்களுக்கு இருக்கட்டும்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு வாருங்கள். முதலில் குன்றத்தூர் முருகன் கோயில் படிகளில் ஏறுங்கள், மொத்தம் 84தான். மேலிருந்து மேற்கே ஏரி விரிந்து கிடப்பதும், கிழக்கே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதும் தெரியும். சேக்கிழார் பிறந்த ஊர் கீழே இருக்கிறது. அங்கிருந்து ஏரிப் பக்கம் போய், கரையில் விடுகிற இடம் வரை நடங்கள்; மதகு திறந்திருக்கும் நாட்களில் விடமாட்டார்கள், அப்போது வற்புறுத்தாதீர்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் குறைவு. குவாரிப் பக்கம் பிள்ளைகளோடு போவதானால், மூடி இறுகிய ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்றும், அதன் கைப்பிடியில் கட்டிய நீளமான கயிறும் கையில் இருக்கட்டும். யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது இங்கே அடிக்கடி நடப்பது. கேனை அவருக்கு அப்பால் வீசிவிட்டு, பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கயிறு அவர் தோளில் படும்படி மெல்ல இழுங்கள். வீட்டு மாடியில் ஒரு வாளியை இலக்காக வைத்து இதைப் பிள்ளைகளோடு முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம். பத்து வயதுப் பெண்ணால்கூட முடியும்.